பிஞ்சை நோக்கி நீண்ட விரல்

முன்னொரு காலத்தில், ஊரின் பெயரும் ஆற்றின் பெயரும் கூட மறந்துபோன ஒரு நாட்டில், ஐம்பது வயது மன்னர் ஒருவருக்குப் பூசணி நட வேண்டும் என்று ஆசை வந்தது.

யானை வேண்டும், பக்கத்து நாடு வேண்டும் என்று மன்னர்கள் ஆசைப்படுவார்கள். அதற்கெல்லாம் அரண்மனையில் ஆள் இருந்தது. பூசணிக்கு இல்லை. ஏனென்றால் மன்னர் கேட்டது பூசணியை அல்ல. சென்ற மாசி மகத்தன்று கோயில் அன்னதானப் பந்தியில் அவரும் ஓர் இலையில் உட்கார்ந்தார். பக்கத்து இலையில் ஒரு குயவர். அவர் இலையிலிருந்த பூசணிக் கூட்டைக் காட்டி, “இது எங்க கொல்லைக் காய். நானே நட்டது” என்றார். உடனே பந்தி முழுவதும் அந்தப் பூசணியின் ருசியைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டது. அரிசி மன்னர் கொடுத்தது. நெய்யும் அவர் கொடுத்ததுதான். அவற்றைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மன்னர் அன்று பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார்.

புரட்டாசியில் சபையைக் கூட்டி, “அடுத்த மாசி மகத்துக்கு நானே நட்டு, நானே நீர் வார்த்து, நானே பறித்த பூசணி பந்தியில் இருக்க வேண்டும்” என்றார்.

பிரதானி சூரப்பர் உடனே எழுந்தார். “மன்னர் பெருமானே, அரண்மனைத் தோட்டங்களைக் கவனிக்கும் என் மைத்துனன்…”

“உம் மைத்துனர் கவனிக்கும் தோட்டத்தில் நெருஞ்சிதான் நன்றாகக் காய்க்கிறது, பிரதானியாரே” என்றது ஒரு குரல். சபை சிரித்தது.

அந்தக் குரல் விகடன் ஆவுடையப்பனுடையது. மன்னர் கண் விழித்ததும் முதலில் பார்க்கும் முகம் சிரிக்க வைக்கும் முகமாக இருக்க வேண்டும் என்பது அந்த அரண்மனை வழக்கம். பதினெட்டு ஆண்டுகளாக அந்த முகம் அவனுடையது. அவன் வீடு அரண்மனைக் கொல்லைக்குப் பின்தெருவில் இருந்ததால், கொல்லைக் கதவின் சாவி ஒன்று அவன் இடுப்பில் எப்போதும் தொங்கும். பிரதானிக்கு அந்தச் சாவியைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரியும். இன்று மைத்துனன் பேரும் போயிற்று.

ஆவுடையப்பன் காத்தாயி என்ற பெண்ணை அழைத்து வந்தான். வீடு வீடாகப் போய்க் கொல்லைகளில் அவரைக்கும் புடலைக்கும் குழி போட்டுக் கொடுப்பது அவள் பிழைப்பு. நாற்பது வயதிருக்கும். மன்னரை முதலில் பார்த்தபோது கும்பிட்டாள். அதன்பிறகு அவரை, மண்வெட்டி பிடிக்கத் தெரியாத ஓர் ஆளாக மட்டுமே பார்த்தாள்.

மன்னர் குழி வெட்டினார். சாணமும் சாம்பலும் இட்டார். மூன்று விதை ஊன்றினார். மறுநாள் தோண்டிப் பார்த்தார். அதற்கு மறுநாளும் தோண்டிப் பார்த்தார்.

“தினம் தோண்டுனா அது எப்படிங்க முளைக்கும்?” என்றாள் காத்தாயி. “தூங்குற பிள்ளைய எழுப்பி, தூங்கிட்டியா, தூங்கிட்டியான்னு கேக்குற மாதிரியில்ல இருக்கு.”

யாரும் மன்னரிடம் அப்படிப் பேசியதில்லை. மன்னர் மண்ணை மூடிவிட்டுச் சிரித்தார். ஏழாம் நாள் இரண்டு இலை வந்தது. கார்த்திகைக் கடைசியில் கொடி கொல்லைச் சுவரைத் தொட்டு, மஞ்சள் மஞ்சளாகப் பூத்தது. மார்கழி பிறக்கும்போது, ஒரு பூவின் கீழே நெல்லிக்காய் அளவில் ஒரு பச்சை உருண்டை தெரிந்தது.

“அதோ!” என்று மன்னர் விரலை நீட்டப் போனார். காத்தாயி பதறிவிட்டாள்.

“விரலை மடக்குங்க! பிஞ்சை விரல் நீட்டிக் காட்டக் கூடாது. அழுகிப்போகும். இந்தா, இப்படி மடக்கிக்கிட்டுத்தான் காட்டணும்.”

எல்லா வீட்டுக் கொல்லையிலும் பெண்கள் சொல்கிற பேச்சுத்தான். ஆனால் ஒரு மன்னர் காதில் அது விழுந்தால் சட்டமாகிவிடுகிறது. அன்று மாலையே ஊரில் பறை அறைந்தார்கள்: “மன்னர் நட்ட பிஞ்சை நோக்கி விரல் நீட்டுகிறவர் எவராயினும், அந்த விரலை இழப்பார்.”

காத்தாயி வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

இதே நாட்களில் ஆவுடையப்பன் வீட்டில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. மார்கழி முழுவதும் வாசலில் கோலமிட்டு, நடுவில் சாணப் பிள்ளையாரில் பூசணிப்பூ செருகுவார்கள். தெரு முழுவதும் பூ இருந்தது. ஆவுடையப்பன் மனைவி வடிவின் கோலத்தில் மட்டும் இல்லை. அவர்கள் வீட்டுக் கொல்லை பாறை.

“எதிர்வீட்டுப் பிரதானி சம்சாரம் நம்ம வாசலைப் பார்த்துட்டு, ‘விகடன் வீட்டுப் பிள்ளையார் மொட்டையா?’ன்னு கேட்டாங்க” என்றாள் வடிவு. “ஒரு பூ கிடைக்குமா பாருங்களேன்.”

மார்கழி மூன்றாம் நாள், சேவல் கூவும் நேரத்தில் அவன் கொல்லைக் கதவைத் திறந்தான். ஆவுடையப்பன் கவனக்குறைவான ஆள் அல்ல. பிஞ்சு உள்ள பூவை அவன் தொடவில்லை. கீழே ஒன்றுமில்லாமல் நீளக் காம்பில் வெறுமனே நிற்கும் பூக்கள்தான் ஏராளமாக இருந்தனவே. காய்க்காத பூ, யாருக்கு என்ன நட்டம்? ஒன்றைப் பறித்தான். வாசலில் பூவைச் செருகிவிட்டு நிமிர்ந்த வடிவின் முகத்தைப் பார்த்தான். பதினெட்டு ஆண்டுகளாக எத்தனையோ பேரைச் சிரிக்க வைத்திருக்கிறான். அந்த முகம் அவனிடம் அப்படிச் சிரித்து வெகுகாலம் ஆகியிருந்தது.

மறுநாள் மூன்று பூ பறித்தான். அதற்கு மறுநாள் கோலத்தைச் சுற்றி வட்டமாக வைக்குமளவு, இருந்த வெறும் பூக்கள் எல்லாவற்றையும் பறித்தான். அதன்பிறகு தினமும்.

முதல் பிஞ்சு மஞ்சளாகி, நுனி குழைந்து, உதிர்ந்தது. இரண்டாவது பிஞ்சும் விழுந்தபோது மன்னர் அன்று சாப்பிடவில்லை. மூன்றாவது விழுந்த காலையில் ஆவுடையப்பன் சொன்ன எந்த வேடிக்கைக்கும் அவர் முகம் அசையவில்லை.

அவன் கொல்லைக்குப் போனான். காத்தாயி உதிர்ந்த பிஞ்சை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள்.

“ஏன் காத்தாயி இப்படி ஆகுது?”

அவள் அவனை நிமிர்ந்து பார்க்காமலே சொன்னாள்: “காய்க்கிற பூ இருக்கு, காய்க்காத பூ இருக்கு ஐயா. வண்டு காய்க்காத பூவுல உக்காந்து, அந்தப் பொடியோட காய்க்கிற பூவுக்கு வந்தாத்தான் பிஞ்சு பிடிக்கும். காய்க்காத பூ இல்லேன்னா, இது நாலு நாள் பாத்துட்டு வெம்பிப் போயிரும்.”

ஆவுடையப்பன் கொடியைப் பார்த்தான். அதில் கிள்ளிய காம்புகள் நிறைய நின்றன. காய்ந்தவை, பாதி காய்ந்தவை, இன்று காலையில் கிள்ளியவை. தவறு செய்யக் கூடாது என்று எவ்வளவு கவனமாக இருந்தானோ, அவ்வளவு கவனமாகத் தவறு செய்திருந்தான். மன்னரிடம் இன்றே சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தான். எப்படிச் சொன்னால் சிரிப்பு வரும் என்று அடுத்த நொடியே யோசிக்கத் தொடங்கினான். அந்த யோசனை முடிவதற்குள் காவலர்கள் வந்து காத்தாயியைச் சூழ்ந்துகொண்டார்கள்.

கொல்லையிலேயே சபை கூடியது. கொடி ஓரமாக மன்னருக்கு ஆசனம். கொடியில் ஒரே ஒரு பிஞ்சு மிச்சம். அதன் பூ இன்னும் விரியாத மொட்டு.

“மன்னர் பெருமானே,” என்றார் பிரதானி சூரப்பர், “விகடன் அழைத்து வந்த இந்தப் பெண், கொடியருகே நின்று பிஞ்சை நோக்கி விரல் நீட்டியதை என் கண்ணால் கண்டேன்.”

“கிரக நிலையும் அதையே சொல்கிறது” என்றார் அரண்மனைச் சோதிடர். கிரக நிலை எப்போதும் பிரதானி சொல்வதையே சொல்லும்.

“நான் விரலை மடக்கிக்கிட்டுத்தாங்க பிஞ்சை எண்ணுனேன்” என்றாள் காத்தாயி. “எனக்குத் தெரியாதா? நானே சொன்னதாச்சே அது.”

“மூன்று பிஞ்சுகள்” என்றார் மன்னர். கோபத்தைவிட அழுகை அதிகம் இருந்தது அந்தக் குரலில். “மூன்றையும் தினமும் பார்த்தேன். பறையறைந்தது பறையறைந்ததுதான். விரல் போகட்டும்.”

காவலன் அரிவாளை எடுத்தான். மண்ணைத் துழாவி, விதையை எத்தனை ஆழத்தில் ஊன்றுவது என்று அளக்கும் விரல் அது. காத்தாயி அதை மற்றொரு கைக்குள் மூடிக்கொண்டாள்.

‘பூவைப் பறித்தவன் நான்.’ சொல்ல வேண்டியது அவ்வளவுதான். ஆவுடையப்பன் வாயைத் திறந்தான். மன்னரின் முகத்தைப் பார்த்தான். அந்த முகம் தன்னை எப்படிப் பார்க்கும் என்று தெரியாத ஒரு நொடி வந்தது. பதினெட்டு ஆண்டுகளில் அப்படி ஒரு நொடி வந்ததே இல்லை. அவன் வாயிலிருந்து வேறொன்று வந்தது.

“மன்னா, தண்டனைக்கு முன் ஒரு சந்தேகம். பிரதானியாரே, இவள் காட்டிய பிஞ்சு எங்கே இருந்தது?”

“சுவரோரக் கிளையில். மூன்றாம் கணுவில்.”

“வேரிலிருந்து மூன்றா, நுனியிலிருந்து மூன்றா?”

“நுனியிலிருந்து.”

ஆவுடையப்பன் மண்டியிட்டு இலைகளை விலக்கினான். “இதுவா?”

“இல்லை, அப்பால்.”

“இதுவா?”

“அது எருக்கஞ்செடி ஐயா!”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பிரதானியின் காது சிவந்தது.

“கோபிக்க வேண்டாம். எனக்குக் கண் சற்று மங்கல். இங்கே மிச்சமிருக்கும் பிஞ்சு தெரிகிறது. அதற்கு எந்தப் பக்கம்?”

“இடப் பக்கம்.”

“எனக்கு இடமா, உமக்கு இடமா, பிஞ்சுக்கு இடமா?”

“உமக்கு!”

“நான் இப்போது திரும்பிவிட்டேனே.”

“அட மூடனே! இதோ, இந்தப் பிஞ்சுக்குப் பக்கத்தில்!” என்று கத்திக்கொண்டு பிரதானி குனிந்தார். மோதிரம் போட்ட ஆள்காட்டி விரல், மொட்டுக்கு நேரே ஒரு சாண் தூரத்தில் விறைத்து நின்றது.

“பிரதானியாரே, விரல்! விரல்!” என்று அலறிய சோதிடரின் விரலும் அதே இடத்துக்கு நீண்டது.

மன்னர் ஆசனத்திலிருந்து துள்ளி எழுந்தார். “யாரடா அது! இருப்பதே ஒன்று, அந்தப் பிஞ்சுக்கு மட்டும் ஏதாவது ஆகட்டும்!” என்று தம் விரலையும் நீட்டினார்.

ஆவுடையப்பன் எழுந்து முழங்கால் மண்ணைத் தட்டினான். கைகளைக் கட்டிக்கொண்டான்.

“மன்னா, பறையில் ‘எவராயினும்’ என்றார்கள். என் காதால் கேட்டேன். காத்தாயி விரல் நீட்டியதைப் பார்த்தவர் ஒருவர். இந்த மூன்று விரல்கள் நீண்டதைப் பார்த்தவர்கள் கொல்லை முழுவதும் இருக்கிறார்கள். அரிவாள் ஒன்றுதான். பதவிப்படி வெட்டுவதா, வயதுப்படி வெட்டுவதா?”

மன்னர் தம் விரலைப் பார்த்தார். அது இன்னும் பிஞ்சை நோக்கியே நீண்டிருந்தது. அதை மெல்ல மடக்கினார்.

“இல்லாவிட்டால் ஒன்று செய்யலாம்” என்றான் ஆவுடையப்பன். “இந்தப் பிஞ்சை விட்டுப் பார்ப்போம். அழுகினால் நான்கு விரல்களையும் ஒரே தட்டில் வைப்போம். பிழைத்தால், விரல் நீட்டியதால் பிஞ்சு அழுகவில்லை என்று பொருள். காத்தாயி வீட்டுக்குப் போகட்டும்.”

மன்னரின் உதடு கோணியது. பிறகு வயிறு குலுங்கியது. பிறகு கண்ணீர் வழியச் சிரித்தார். காலையிலிருந்து வராத சிரிப்பு. பிரதானியும் சோதிடரும் விரல்களைச் சால்வைக்குள் ஒளித்துக்கொண்டதைப் பார்த்து இன்னும் சிரித்தார். தம் பட்டுச் சால்வையை எடுத்து ஆவுடையப்பன் தோளில் போட்டார்.

“ஆனாலும் ஆவுடையப்பா,” என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “பிறகு அந்த மூன்றும் ஏன் அழுகின?”

மன்னர் உண்மையாகவே கேட்டார். அந்த நேரத்தில் எதைச் சொன்னாலும் மன்னித்திருப்பார். அது ஆவுடையப்பனுக்கும் தெரியும்.

“மன்னர் ஒரு நாளைக்கு முப்பது முறை போய் இலையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தால், எந்தப் பிஞ்சுக்குத்தான் கூச்சம் வராது?”

கொல்லை அதிரச் சிரித்தார்கள்.

கூட்டம் கலைந்தபோது காத்தாயி அவனைத் தாண்டிப் போனாள். நிற்கவில்லை. போகிற போக்கில், அவனுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்: “நாளைக்கு அந்த மொட்டு விரியும். நாளைக்காவது பூ பறிக்காதீங்க.”

மறுநாள் காலை வடிவு சாணத்தை உருட்டிவிட்டு, வாசலில் அவனுக்காக நின்றாள். வெறுங்கையோடு வந்தான். நடந்ததைச் சொன்னான். அவள் கோல மாவுக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்தாள்.

“நான் ஒரு பூதானே கேட்டேன்?” என்றாள்.

பிறகு, “போய்ச் சொல்லிடுங்களேன்” என்றாள். “நான்தான் கேட்டேன்னு சொல்லுங்க.” சொல்கிறேன் என்றான். தினமும் சொல்லத்தான் போனான். தினமும் மன்னர் அவனைக் கண்டதும், “நான்கு விரல் தட்டு!” என்று தொடங்கிச் சிரித்தார். அந்தச் சிரிப்பு அடங்கட்டும் என்று காத்திருந்தான். அடங்கியபின் சொல்வதற்குத் தைரியம் இருக்காது.

பிஞ்சு பிழைத்தது. எலுமிச்சை அளவாயிற்று, தேங்காய் அளவாயிற்று. மன்னர் தம் கையால் அதனடியில் வைக்கோல் பரப்பினார்.

பிஞ்சு பிழைத்ததால் காத்தாயியின் பேரும் பிழைத்திருக்க வேண்டும். ஆனால் எதிர்வீட்டில் பிரதானி சம்சாரம் தெருப் பெண்களிடம் சொன்னாள்: “அரசர் விரல் தெய்வ விரல், அவர் நீட்டினால் காய்க்கும். அவள் விரலும் அதுவும் ஒன்றா? மூன்று போச்சே, மறந்துட்டீங்களா?” பெண்கள் மறக்கவில்லை. தையில் அவரைக் குழி போடக் காத்தாயியை யாரும் கூப்பிடவில்லை. ஒரு வீட்டில் அவள் கதவைத் திறந்தபோது, அந்த வீட்டுக்காரி ஓடிவந்து புடலைப் பந்தலுக்கு முன்னால் நின்றுகொண்டாளாம்.

தை மாதக் கடைசியில் ஆவுடையப்பன் அவள் குடிசைக்குப் போனான். அவள் இரண்டு பானைகளைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள்.

“எங்கே கிளம்பிட்டே?”

“தங்கச்சி ஊருக்கு. அங்க என் விரலைப் பத்தி யாருக்கும் தெரியாது.”

“காத்தாயி, நான்…”

“தெரியும் ஐயா. நீங்க பறிக்க ஆரம்பிச்ச நாலாம் நாள் காலையிலேயே பாத்தேன். சால்வைக்குள்ள மூட்டையா எடுத்துக்கிட்டுப் போனீங்க.”

“அப்பவே ஏன் சொல்லலை? என்கிட்டயாவது?”

“நீங்களா நிறுத்துவீங்கன்னு பாத்தேன். அரண்மனையில எனக்குச் சோறு வாங்கிக் குடுத்தவரு. உங்களைப் போயி எப்படிக் கேக்கறது?” முடிச்சை இழுத்து இறுக்கினாள். “அன்னைக்கு அரிவாளை எடுத்தப்போ நான் அரிவாளைப் பாக்கலை. உங்களையே பாத்துக்கிட்டு இருந்தேன். எல்லாரையும் பாத்தீங்க. பிரதானியைப் பாத்தீங்க, ராசாவைப் பாத்தீங்க, எருக்கஞ்செடியைக்கூடப் பாத்தீங்க.”



“உன் விரல் போயிருமோன்னுதான்…” என்று இழுத்தான் ஆவுடையப்பன்.

“விரல் இருக்கு” என்று அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள் அவள். “நல்லாத்தான் இருக்கு. தொடறதுக்கு ஒரு கொல்லை இல்லை.”

மாசி மகம் வந்தது. மன்னர் தாமே காம்பை அறுத்து, பூசணியைத் தோளில் சுமந்து கோயிலுக்கு நடந்தார். பந்தியில் கூட்டு பரிமாறினார்கள். சென்ற ஆண்டு உட்கார்ந்திருந்த அதே குயவர் ஒரு வாய் எடுத்து, “உப்பு ஒரு கல்லு குறைவு. ஆனா காய் நல்ல காய்” என்றார். மன்னருக்குக் கண் கலங்கிவிட்டது.

“ஆவுடையப்பா!” என்று பந்தி முழுவதும் கேட்கக் கூப்பிட்டார். “இந்தக் காய் உன்னால் பிழைத்தது. இந்த நல்ல நாளில் ஒன்று சொல், சிரிக்கலாம்.”

ஆவுடையப்பன் இலையை விட்டு எழுந்தான். கூட்டை அவன் தொட்டிருக்கவில்லை.

“மன்னா, அந்த மூன்று பிஞ்சுகளையும் அழித்தவன் நான். மார்கழி மூன்றாம் நாளிலிருந்து தினமும் உங்கள் கொல்லையில் பூத் திருடினேன்.”

பந்தியில் முதல் சிரிப்பு எழுந்தது.

“உண்மையாகச் சொல்கிறேன். காத்தாயி ஒரு தவறும் செய்யவில்லை. காய்க்காத பூ எதற்கென்று நினைத்துப் பறித்தேன். அந்தப் பூ இல்லாமல்தான் பிஞ்சு அழுகியது. பறித்ததை என் வீட்டு வாசலில், சாணப் பிள்ளையாரைச் சுற்றி அடுக்கினேன். எல்லோரும் பார்க்கும்படி, பிரதானி வீட்டுக்கு நேர் எதிரில்.”

மன்னர் இலை மேல் கவிழ்ந்துவிட்டார். தோள்கள் குலுங்கின. “பிரதானி வீட்டுக்கு நேர் எதிரில்!” என்று மூச்சு வாங்கத் திருப்பிச் சொன்னார். சோதிடருக்குப் புரையேறியது. இத்தனை ஆண்டுகளில் ஆவுடையப்பன் பேச்சுக்குப் பல்லைக் காட்டாத சூரப்பர்கூட, வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு சிரித்தார்.

“மன்னா, நான் கும்பிட்டுக் கேட்கிறேன். அவளை அழைத்து வரச் சொல்லுங்கள்.”

அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு எழுந்தது. மன்னர் கையிலிருந்த தங்கக் காப்பைக் கழற்றி, தள்ளாடி எழுந்து வந்து, ஆவுடையப்பனின் மணிக்கட்டில் தாமே பூட்டினார். பிறகு அவன் தாடையைப் பிடித்துப் பந்தியின் பக்கமாகத் திருப்பினார்.

“பாருங்கள், பாருங்கள்,” என்றார் கண்ணீரைத் துடைத்தபடி, “முகத்தை எப்படி வைத்துக்கொண்டிருக்கிறான்!”